ஓபன் மைக்குக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும், நானும் செய்த தவறுகள்

போன வாரம் சென்னையில் ஒரு ஓபன் மைக்கில், அதாவது ஸ்டாண்ட்-அப் காமெடிக்குப் புதியவர்களும் ஏறிப் பேசிப் பார்க்கிற மேடையில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு பேர் ஏறினார்கள். பாதிப் பேருக்கு அது மூன்றாவது மேடையோ நான்காவது மேடையோதான். முடிந்ததும் ஒரு தம்பி மூச்சு வாங்க ஓடி வந்தான். "அண்ணே, செட் (மேடையில் பேசியது மொத்தமும்) செமையா போச்சுல்ல? வீடியோவை நைட்டே கட் பண்ணி நெட்ல ஏத்திடுறேன். உங்களை டேக் பண்ணவா?"

எனக்குச் சுருக்கென்றது. 2018இல் நானும் இதே பல்லைக் காட்டிக்கொண்டு இதே கேள்வியை ஒரு சீனியரிடம் கேட்டிருக்கிறேன். அவர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அன்று கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

வாட்ஸ்அப் ஜோக்கைத் திருடாதே, கண்ணாடி முன்னால் பேசிப் பார் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது கூடத் தெரியாமல் மேடை ஏறுகிறவரை என்னால் காப்பாற்ற முடியாது.

"நான் புதுசு, கொஞ்சம் பொறுத்துக்குங்க"

பார்த்தாலே தெரிகிறது. சொல்லாதீர்கள்.

மைக் ஸ்டாண்ட்

மைக்கைக் கையில் எடுத்தாச்சா, ஸ்டாண்டைத் தூக்கிப் பின்னால் வையுங்கள். நடுவில் ஒரு கம்பி நிற்க, அதன் பின்னால் நின்று பேசினால் ரேஷன் கடை வரிசையில் நிற்பது போல இருக்கிறது.

லைட்

ஓபன் மைக்கில் பெரும்பாலும் நான்கைந்து நிமிஷம் தருவார்கள். ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது ஹாலின் பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடிப்பார்கள். அதைப் பார்த்ததும் பாதி வாக்கியத்தில் "தேங்க்யூ" சொல்லி இறங்குகிறவர்கள் ஒரு வகை. வெளிச்சமே படாதது போல இன்னும் நான்கு நிமிஷம் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை பாவம். இரண்டாம் வகைக்காரர்கள் கடைசியில் ஏறப்போகிறவனின் நேரத்தைச் சாப்பிடுகிறார்கள். அவன் ஏறும்போது பாதி நாற்காலிகள் காலி. ஹோஸ்ட்கள் இதை மறக்கவே மாட்டார்கள். அடுத்த மாத லைன்-அப்பில் உங்கள் பெயர் ஏன் இல்லை என்று யாரும் விளக்கம் சொல்லவும் மாட்டார்கள்.

நேற்று சிரித்ததை இன்றே ஊருக்குக் காட்டுவது

இதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

என்னிடம் ஏழு நிமிஷ பிட் (ஒரே விஷயத்தைச் சுற்றிய ஜோக்குகள்) ஒன்று இருந்தது. எங்கப்பாவும் அவருடைய டிவிஎஸ் 50யும். வண்டியில் வைத்தால் களவு போய்விடும் என்று ஹெல்மெட்டோடு கல்யாண மண்டபத்துக்குள் வருவார், பந்தியில் உட்காருவார், மொய் எழுதுவார். நான்காவது மேடையில் அது வெடித்தது. நண்பன் போனில் எடுத்திருந்தான். மறுநாள் காலையில் இணையத்தில் இருந்தது. சொந்தக்காரர்கள் பகிர்ந்தார்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரியாதவர்கள் பகிர்ந்தார்கள். நானும் ஆளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நிறுவனத்திலிருந்து அழைப்பு. ஈசிஆரில் குடும்ப விழா, முப்பது நிமிஷம் பேச வேண்டும். கையில் இருந்தது அந்த ஏழு நிமிஷம், அது போக ஓட்டை உடைசலாக ஒரு ஐந்து நிமிஷம். சரி என்று சொல்லிவிட்டேன்.

மேடை ஏறி, "எங்கப்பாகிட்ட ஒரு டிவிஎஸ் 50 இருந்துச்சு" என்றேன். மூன்றாவது மேஜையிலிருந்து ஒருவர் உற்சாகமாகக் கத்தினார்: "ஹெல்மெட்!"

கைதட்டினார்கள். அன்பாகத்தான் தட்டினார்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. நம் தொழிலில் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கைதட்டல் வந்தால் அது அனுதாபம். இன்னும் இருபத்தி மூன்று நிமிஷம் பாக்கி. எப்படி ஓட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். பேசிய பணத்தில் பாதிதான் வந்தது. மீதியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. தெரிந்த பாட்டுக்குத்தான் "ஒன்ஸ் மோர்" கேட்பார்கள். ஜோக் அப்படியில்லை, அடுத்து என்ன வரும் என்று தெரியாத வரைக்கும்தான் அதற்கு உயிர். அமெரிக்காவில் வாட்வில் என்ற பல்சுவை மேடைகள் ஓடிய காலத்தில், பத்துப் பதினைந்து நிமிஷ அயிட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வருஷக்கணக்கில் பிழைத்தவர்கள் உண்டு. வானொலியும் டிவியும் வந்து அதை ஒரே ராத்திரியில் தின்று தீர்த்தன. நம்மூர் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷக்காரர் இன்றைக்கு ஒரு ஊர்த் திருவிழா, நாளைக்கு வேறு ஊர் என்று போகிறார். நேற்றைய ஜோக் இன்றைக்கும் புதுசு. நாமோ ஒரே ராத்திரியில் எல்லா ஊர்த் திருவிழாவிலும் ஆடிவிட்டு, மறுநாள் எந்த ஊருக்குப் போவது என்று முழிக்கிறோம்.

பெரிய ஆட்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2015இல் அமெரிக்க காமெடியன் டேவ் சாப்பெல் சிகாகோவில் நடத்திய ஷோக்களில், யாரும் வீடியோ எடுக்காதபடி வந்தவர்களின் போனைப் பூட்டுப் பையில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுத்தார்கள். நம்மூர் காமெடியன் அலெக்ஸ் பாபுவின் நிகழ்ச்சி 2019இல் பிரைம் வீடியோவுக்கு வரும் முன் மேடை மேடையாக ஓடித் தேறியது. முதலில் மேடை, கேமரா கடைசியில். நான் தலைகீழாகச் செய்தேன்.

பணம் போனதைக்கூட விடுங்கள். இன்னொரு நஷ்டம் இருக்கிறது. நான்காவது மேடையில் சிரித்தார்கள் என்றால் அந்த பிட் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இப்போதுதான் பிறந்திருக்கிறது. என் ஹெல்மெட் ஜோக்கை அப்போது இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்: "எங்கப்பா ஹெல்மெட்டோட மண்டபத்துக்குள்ள வந்தாரு." பார்த்தீர்களா, சிரிக்க வேண்டிய சொல் இரண்டாவதாகவே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு சொல் பேசுகிறேன். சிரிக்க வாய் திறந்தவர்கள், இவன் இன்னும் முடிக்கவில்லையே என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்வதால் இந்த வம்பு. ஆனால் பேச்சுத் தமிழ் தாராளமானது, எதையும் எங்கேயும் தூக்கி வைக்கலாம்: "எங்கப்பா மண்டபத்துக்குள்ள வந்தாரு... ஹெல்மெட்டோட." இருபதாவது மேடை வாக்கில்தான் இது எனக்கு உறைத்தது. சிரிப்பு இரண்டு மடங்கு. என்ன பிரயோஜனம், ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது கோணல் வடிவம். என்னுடைய முதல் ஒரு மணி நேர ஷோவுக்கு அதுதான் கடைசி அயிட்டமாக இருந்திருக்க வேண்டும். வைக்க முடியவில்லை.

ரெக்கார்ட் செய்யாதே என்று சொல்லவில்லை. ஒவ்வொரு செட்டையும் ஆடியோ எடுங்கள். பஸ்ஸில் போகும்போது கேளுங்கள், எங்கே சிரித்தார்கள், எங்கே இருமினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு மட்டும்.

"எதுவுமே போடலைன்னா என்னை யாருக்குண்ணே தெரியும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எப்படியும் சீக்கிரம் பழசாகப் போவதைப் போடுங்கள்: நேற்றைய மேட்ச், இந்த வார மழை, மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட தெரு. இல்லையென்றால், பேசிப் பேசி உங்களுக்கே சலித்து, இனிமேல் மேடையில் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்த பிட். பலர் கிரவுட் வொர்க்கை, அதாவது ஆடியன்ஸிடம் கேள்வி கேட்டு அங்கேயே அடிக்கிற ஜோக்கை, மட்டும் வெட்டிப் போடுவதும் எழுதி வைத்த சரக்கு செலவாகக் கூடாது என்பதற்காகத்தான். அதிலும் ஒரு பக்க விளைவு உண்டு. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், "என்கிட்ட பேசு, என்கிட்ட பேசு" என்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, எழுதி வைத்த ஜோக்குக்குள் எல்லாம் மூக்கை நுழைக்கிறார்கள். சென்னையில் முதல் வரிசையிடம் என்ன வேலை என்று கேட்டால் ஐடி என்பார்கள். அதை வைத்து எத்தனை பேர்தான் எத்தனை ஜோக் அடிப்பது?

"இன்னிக்கு ஆடியன்ஸ் சரியில்லை"

உங்களுக்கு அடுத்து ஏறியவனுக்குச் சிரித்தார்களே.

வேலையை விடுவது

ஓபன் மைக்கில் பெரும்பாலும் பணம் கிடையாது, டீ கிடைத்தால் அதிர்ஷ்டம். வேற்றூரில், உங்களைத் தெரியாத நூறு பேர் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க முடிகிற அன்றைக்கு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம். அதுவரைக்கும் அது டிராஃப்டிலேயே கிடக்கட்டும்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் கொட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போன் கிணுகிணுத்தது. போட்டுவிட்டான். நல்ல பிட்தான், சிரிக்க வேண்டிய சொல் மட்டும் வினைக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என்னை டேக் செய்திருந்தான். லைக் போட்டுவிட்டுப் படுத்தேன்.