முகம் சுளித்தால் கோபமா? உடல்மொழி படிக்கப் பழகும் முறை

சில வருடங்களுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு எடுத்தேன். முன் வரிசையில் ஒரு பெரியவர். நான் பேச ஆரம்பித்ததிலிருந்து புருவத்தை நெரித்தபடியே இருந்தார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. நான் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதன்பிறகு அவர் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தேன். மீதி இருந்த இரண்டு பகுதிகளையும் அவசர அவசரமாக முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவரே எழுந்து வந்தார். "எனக்கு இடது காது கேக்காதும்மா. நீங்க அந்தப் பக்கம் போய்ப் பேசினப்போ பாதி விட்டுப்போச்சு. உங்க குறிப்பு கொஞ்சம் கிடைக்குமா?" என்றார்.

அன்று முழுவதும் அவர் தலையை இடப்பக்கம் திருப்பி, வலது காதை எனக்குக் கொடுத்தபடிதான் உட்கார்ந்திருந்தார். அதுவும் என் கண்ணில் பட்டதுதான். புருவத்தைப் பார்த்த மாத்திரத்தில் முடிவுக்கு வந்துவிட்டதால் கழுத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

உடல்மொழி பழக விரும்பும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒருவருக்கு இந்த நேரம் இதமாக இருக்கிறதா, சங்கடமாக இருக்கிறதா என்பதை உடம்பு ஓரளவு காட்டும். ஏன் என்பதைக் காட்டாது. அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில், சரியான விதத்தில் கேட்பதற்கான தயாரிப்பு.

தொடங்கும் முன்: இரண்டு நம்பிக்கைகளை விட்டுவிடுங்கள்

"பேச்சில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் பங்கு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55" என்ற கணக்கைப் பல பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள். 1967-ல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் தன் சக ஆய்வாளர்களோடு செய்த இரண்டு சோதனைகளிலிருந்து வந்த எண்கள் அவை. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்கவைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசியவருக்கு எதிரில் இருப்பவரைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கணிக்கச் சொன்னார்கள். விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும்போது வார்த்தையும் தொனியும் முகமும் முரண்பட்டால் எதை நம்புகிறோம் என்பதற்கு மட்டுமே அந்தக் கணக்கு பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ஆகவே ஒருவர் என்ன சொல்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்பதை ஒருநாளும் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, பொய்யைக் கண்டுபிடிக்கும் ஆசை. உளவியலாளர்கள் சார்ல்ஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியிட்ட முடிவின்படி, பார்ப்பவர்கள் பொய்யையும் உண்மையையும் சரியாகப் பிரித்தது 100-க்கு 54 தடவைதான். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். கண்ணைப் பார்க்காமல் பேசினால் பொய், மூக்கைத் தொட்டால் பொய் என்பதை வைத்து வீட்டில் ஒரு பிள்ளையைக் குற்றவாளியாக்கிவிடலாம். உண்மை வெளியே வராது. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

படி 1: பார்த்ததை மட்டும் எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். நாளுக்கு ஒருவரை இரண்டு நிமிடம் கவனித்து, பிறகு மூன்று வரி எழுதுங்கள். "கோபமாக இருந்தார்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அது உங்கள் தீர்ப்பு. "தாடை இறுகியது, பதில் ஒரே சொல்லில் வந்தது, கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டே இருந்தார்" என்பதுதான் பார்த்தது.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், முதல் மூன்று நாள் கை தானாகத் தீர்ப்பைத்தான் எழுதும். வீடியோ பேட்டி ஒன்றைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பார்ப்பதும் நல்ல பயிற்சி. சினிமாக் காட்சி வேண்டாம். நடிகர்கள் நமக்குப் புரிய வேண்டும் என்றே முகத்தைக் காட்டுபவர்கள். நிஜத்தில் யாரும் அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

படி 2: அவருடைய இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்குத்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். ஒருவர் நிம்மதியாக இருக்கும்போது எப்படி உட்காருவார், கையை எங்கே வைப்பார், எவ்வளவு வேகமாகப் பேசுவார், கண்ணைப் பார்த்துப் பேசுபவரா, தரையைப் பார்த்துப் பேசுபவரா? இது தெரியாமல் எந்தச் சைகைக்கும் பொருள் சொல்ல முடியாது. எப்போதும் காலை ஆட்டுபவர் இன்றும் ஆட்டினால் அதில் செய்தி எதுவும் இல்லை. அவர் காலாட்டுவதை நிறுத்தினால்தான் செய்தி.

அந்தப் பெரியவர் அடுத்த வகுப்புக்கும் வந்தார். அவரை அறையின் இடது ஓரத்தில் உட்காரவைத்தேன். அதனால் நான் அவருக்கு வலப்பக்கம் வந்துவிட்டேன். ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை என்று அவர் சொன்னார். அன்றும் புருவம் நெரிந்துதான் இருந்தது. உன்னிப்பாகக் கேட்கும்போது அவர் முகமே அப்படித்தான்.

ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பது சிரமம். பார்க்கின்சன் நோயில் முகத் தசைகள் விறைப்பதால் உள்ளே மகிழ்ச்சி இருந்தும் முகம் அசையாமல் இருக்கலாம். பொது விதிகளை வைத்து இவர்களை எடைபோட்டால் பெரிய அநியாயம் நடந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனி அகராதி வேண்டும்.

படி 3: மாற்றத்தையும், அது வந்த நொடியையும் பிடியுங்கள்

இயல்பு தெரிந்துவிட்டால் மாற்றம் தானாகக் கண்ணில் படும். ஒரு மீட்டிங்கில் நடந்ததைச் சொல்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் பெண் எப்போதும் விரல்களுக்கு நடுவே பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்பாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடலாமா?" என்று கேட்டேன். பேனா நின்றது. உதடுகள் உள்ளே மடிந்தன. ஒரு மூச்சு விட்டு, "முடிச்சிடலாம்" என்றாள், வழக்கத்தைவிடத் தணிந்த குரலில்.

சொல் சம்மதம் என்றது. பேனா, உதடு, குரல் மூன்றும் வேறு ஏதோ இருக்கிறது என்றன. மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததைக் கவனியுங்கள். பேனா மட்டும் நின்றிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஒற்றை அசைவை நம்ப வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்து வர வேண்டும், அதுவும் ஒரு கேள்வியை அல்லது ஒரு பெயரை ஒட்டி வர வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பிறகு மாறியது என்று நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 4: முகத்தோடு நின்றுவிடாதீர்கள்

நாம் எல்லோரும் முகத்தையே பார்க்கிறோம். 2012-ல் உளவியலாளர் ஹிலெல் அவியேசர் குழுவினர் டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற, இழந்த நொடிகளின் படங்களைக் காட்டினார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களால் வெற்றியா தோல்வியா என்று பிரிக்க முடியவில்லை. உடம்பை மட்டும் பார்த்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். உணர்ச்சி உச்சத்தில் இருக்கும்போது தோளும் கையும் முகத்தைவிட அதிகம் சொல்கின்றன.

சிரிப்பைப் பார்க்கும்போது கண்ணோரத்தைப் பாருங்கள். 1862-லேயே பிரான்ஸ் மருத்துவர் துஷேன் இதை எழுதிவைத்தார்: வாயோரத்தை நாம் நினைத்தபடி உயர்த்தலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை மனமார்ந்த சிரிப்பில்தான் தானாகச் சுருங்கும். சிலரால் இதையும் வரவழைக்க முடியும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருப்பதால், கண்ணோரச் சுருக்கத்தை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வேண்டாம்.

புதியவர்கள் முதலில் பழக வேண்டியது, கிளம்ப நினைப்பவரின் உடம்பு. படிக்க மிக எளிது. ஒரு பாதம் வாசல் பக்கம் திரும்பும், கை பையின் வாரைப் பிடிக்கும், "சரி" என்ற சொல் அடிக்கடி வரும், உடம்பு நாற்காலியின் நுனிக்கு நகரும். முகம் மட்டும் மரியாதைக்காக நம் பக்கமே இருக்கும். இதைக் கவனித்து "நேரமாச்சா? நாளைக்குப் பேசலாமே" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவரின் தோள் இறங்குவது அப்படியே தெரியும்.

தூரமும் பேசும். 1960-களில் மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் அமெரிக்கர்களிடையே கவனித்து, நெருங்கியவர்களுக்கு சுமார் 45 செ.மீ. வரை, நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை என்று கணக்கிட்டார். இடத்துக்கு இடம் இது மாறும் என்பதை அவரே வலியுறுத்தினார். அளவு நாடா தேவையில்லை. நீங்கள் ஓரடி முன்னால் வைக்கும்போது எதிரில் இருப்பவர் ஓரடி பின்னால் வைத்தால், நீங்களும் நின்றுவிடுங்கள்.

படி 5: சாதாரணக் காரணங்களை முதலில் தேடுங்கள்

கையைக் கட்டியிருக்கிறாரா? குளிராக இருக்கலாம், நாற்காலியில் கை வைக்க இடம் இல்லாமல் இருக்கலாம். கண்ணைச் சுருக்கினால் எதிரே வெயிலா என்று பாருங்கள். பசி, தூக்கமின்மை, முதுகுவலி எல்லாம் வெறுப்பு போலவே வெளியே தெரியும். உங்களைப் பற்றியது என்ற எண்ணம் கடைசியாக வரட்டும்.

படி 6: கேளுங்கள்

"ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் உடனே மூடிக்கொள்வார். எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள், மறுப்பதற்கும் இடம் கொடுங்கள்.

மீட்டிங் முடிந்து தனியாக இருந்தபோது அந்தப் பெண்ணிடம், "வெள்ளிக்கிழமைன்னதும் கொஞ்சம் யோசிச்ச மாதிரி இருந்துச்சே, நடுவுல வேற வேலை ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டேன். "ஆமாக்கா, வியாழக்கிழமை அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். அவளுக்கு வேலையில் விருப்பமில்லையோ என்றுதான் நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். கேட்காமல் விட்டிருந்தால் அந்தத் தவறான எண்ணத்தோடேயே அவளைப் பல மாதம் நடத்தியிருப்பேன்.

"ஒண்ணுமில்ல" என்று பதில் வந்தால் அதோடு விடுங்கள். தோண்ட வேண்டாம். சொல்லாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

முதல் வாரம் எப்படிப் பழகுவது

முதல் மூன்று நாள் படி 1 மட்டும். அடுத்த மூன்று நாள், தினமும் பார்க்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருடைய இயல்பை எழுதுங்கள். முன்பின் தெரியாதவர்களை உற்றுப் பார்க்காதீர்கள், அது அவர்களைச் சங்கடப்படுத்தும். ஏழாம் நாள் நோட்டைத் திருப்பி உங்கள் பக்கம் வையுங்கள். உங்களோடு நெருங்கிப் பழகிய ஒருவரிடம், "எனக்குச் சங்கடமா இருந்தா உடம்புல என்ன தெரியுது?" என்று கேளுங்கள்.

நான் என் தங்கையிடம் கேட்டேன். "காது மடலைப் பிடிச்சுக்குவே அக்கா, சின்ன வயசுல இருந்தே" என்றாள். அவள் அதைச் சொன்னபோதும் என் கை காதில்தான் இருந்தது.