கஷ்டமான ரெட்ரோ கேமைப் பரிந்துரைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“செம கஷ்டம், ஆனா செம கேம். கண்டிப்பா ஆடிப் பாரு.” ரெட்ரோ பாணி மெட்ராய்ட்வேனியா (பெரிய உலகத்தில் வழி தேடி, புதுத் திறன் கிடைக்கக் கிடைக்கப் புது இடங்களைத் திறக்கும் கேம் வகை) ஒன்றைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்டவர் வாங்குகிறார், ஒரு மணி நேரம் ஆடுகிறார், அடுத்து எங்கே போவது என்று புரியாமல் மூடிவிடுகிறார். அப்புறம் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. கேமிலும் குறையில்லை, ஆடியவரிடமும் குறையில்லை. எந்த வகைக் கஷ்டம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

எல்லாக் கஷ்டத்தையும் ஒன்றாகப் பேசுவது

இந்த வகை கேம்களில் கஷ்டம் மூன்று இடங்களில் இருக்கலாம்: விரல்களில், ஞாபகத்தில், யோசனையில்.

டெர்ரி கவானா 2010-இல் வெளியிட்ட ‘விவிவிவிவிவி’ (எண்ணிக்கொள்ளுங்கள், ஆறு ‘வி’) முழுக்க விரல் கஷ்டம். அதில் குதிக்கும் பட்டனே கிடையாது. புவியீர்ப்பைத் தலைகீழாக்கி மேலும் கீழும் விழுந்துதான் முள்களைத் தாண்ட வேண்டும். செத்தால் ஒரு நொடிக்குள் பக்கத்துச் செக்பாயின்டில் மறுபடி நிற்பீர்கள். அதன் மிகப் பிரபலமான பகுதியில் முழங்கால் உயரத் தடை ஒன்று வழியை மறிக்கும். குதிக்க முடியாததால், முள் நிறைந்த பல அறைகள் வழியே மேலே போய், அதே அறைகள் வழியே திரும்பி வந்து, அதன் மறுபக்கம் இறங்க வேண்டும். கிடைப்பது 20 டிரிங்கெட்டுகளில் (சேகரிக்கும் சின்னப் பொருள்களில்) ஒன்று. அதை எடுக்காமலே கேமை முடிக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால், அது கட்டாயம் என்று நினைத்து அங்கேயே தலையை முட்டிக்கொள்பவர்கள் உண்டு.

1986-இல் வந்த முதல் ‘மெட்ராய்ட்’ ஞாபகக் கஷ்டம். கேமுக்குள் மேப் இல்லை, ஒன்றுபோல இருக்கும் சுரங்கங்கள் ஏராளம். செத்து மறுபடி தொடங்கினால், எத்தனை எனர்ஜி டாங்க் (உயிர் அளவைக் கூட்டும் பொருள்) வைத்திருந்தாலும் 30 எனர்ஜிதான். சின்ன எதிரிகளைச் சுட்டுச் சுட்டு மீதியை நிரப்ப வேண்டும். இதைக் கஷ்டம் என்பதைவிட அலுப்பு என்பதே நேர்மை. பரிந்துரைத்தே தீருவேன் என்றால், கட்டம் போட்ட தாளில் மேப் வரைந்துகொண்டு ஆடச் சொல்லுங்கள்.

யோசனைக் கஷ்டத்துக்கு ‘லா-முலானா’. இதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள், அதனால் இதைத் தனியாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒரு விஷயம்.

பிக்சலைப் பார்த்து விதிகளை ஊகிப்பது

பழைய தோற்றம் வேறு, பழைய விதிகள் வேறு. ‘விவிவிவிவிவி’ பார்க்க எண்பதுகளின் கம்ப்யூட்டர் கேம்போல இருக்கும். ஆனால் லைஃப் கணக்கு இல்லை, செத்தால் உடனடி மறுதொடக்கம். கேம் வேகத்தைக் குறைக்கும் வசதி, சாகாமல் ஆடும் வசதி இரண்டும் செட்டிங்ஸில் இருக்கின்றன. லா-முலானா இதற்கு நேர் எதிர். விளிம்பிலிருந்து நடந்து இறங்கினால் நாயகன் நேராகக் கீழே விழுவான், இடது வலது திருப்ப முடியாது. அடிபட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவான். ஏறி வந்த ஏணியெல்லாம் வீணாகும். குதித்த பிறகும் காற்றில் தாராளமாகத் திரும்பலாம் என்று பழகிய கைக்கு முதல் அரை மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். “ரெட்ரோ ஸ்டைல்” என்று மட்டும் சொல்லாமல் மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லுங்கள்: காற்றில் திரும்ப முடியுமா, செத்தால் எவ்வளவு தூரம் பின்னால் போகும், கேமே மேப் வரையுமா.

லா-முலானாவை ஆக்‌ஷன் கேமாக அறிமுகப்படுத்துவது

சாட்டை, தொப்பி, பாழடைந்த கோயில் என்று படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் இது குறிப்பேடு வைத்துக்கொண்டு ஆட வேண்டிய கேம். கல்வெட்டில் படித்த ஒரு பெயர், பல மணி நேரம் கழித்து, வேறொரு பகுதியில் விடையாக வரும். “எல்லாம் ஞாபகம் இருக்கும்” என்பவர்கள் பத்து மணி நேரத்தில் சிக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு கல்வெட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பகுதியின் பெயரிலேயே ஃபோல்டர் போட்டு வைப்பது குறைந்தபட்சம். அதோடு தனித் தாளில் மூன்று பட்டியல்: படித்தவற்றில் வந்த பெயர்கள், திறக்காத பெட்டிகளும் கதவுகளும், சந்தேகமாக நிற்கும் சிலைகள். தீர்ந்ததை அடித்துக்கொண்டே வந்தால், மிச்சமிருப்பவை ஒன்றோடொன்று பொருந்துவது கண்ணில் படும்.

முதலில் எந்தப் பதிப்பு என்று தெளிவுபடுத்துங்கள். 2005-இல் இலவசமாக வந்த மூலப் பதிப்பு பழைய எம்எஸ்எக்ஸ் கம்ப்யூட்டர் கேம்களின் பாணியில் செய்யப்பட்டது. 2012-இல் பிசிக்கு வந்தது முழுக்கத் திரும்பச் செய்த ரீமேக். அதில் ஏராளமான புதிர்கள் மாற்றப்பட்டுவிட்டன. ஒன்றுக்கான வழிகாட்டியை வைத்து மற்றொன்றை ஆடினால், இல்லாத சுவரை அடித்துக்கொண்டிருப்பீர்கள். புதியவருக்கு ரீமேக் போதும்.

ரீமேக்கில் தொடக்கத்தில் செய்யும் தவறுகளும் ஒரே மாதிரிதான். கையில் காசு வந்ததும் ஆயுதம் வாங்குகிறார்கள். முதலில் வாங்க வேண்டியது ஹேண்ட் ஸ்கேனரும் கல்வெட்டு படிக்கும் சாஃப்ட்வேரும். இரண்டும் தொடக்கக் கிராமத்துக் கடையிலேயே கிடைக்கும், காசு பானைகளை உடைத்தால் வரும். இவை இல்லாமல் உள்ளே போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதுதான். அடுத்து வெயிட். சின்னப் பீடங்களில் வைத்தால் பொறி இயங்கும், வைத்தது திரும்ப வராது. கையில் ஐந்துக்குக் குறைந்தால் வாங்கி நிரப்பிக்கொண்டுதான் ஆழமாகப் போக வேண்டும்.

எதிரிகளைத் தவிர்த்து ஓடுவது இன்னொன்று. கொல்லும்போது ஏறும் அனுபவக் கோடு நிரம்பினால் உயிர்க்கோடு முழுதாக நிரம்பிவிடும். சிகிச்சைக்கு இதுதான் முக்கிய வழி. அனுபவக் கோடு முக்கால்வாசி நிரம்பியிருக்கும் நிலையில் பாஸ் (பெரிய எதிரி) சண்டைக்குள் நுழைவது தெரிந்தவர்கள் செய்யும் வேலை.

கண்டதையெல்லாம் சாட்டையால் அடித்துப் பார்க்கும் பழக்கம் பிற கேம்களில் ரகசிய அறை தரும். இங்கே தலையில் இடி விழும். பின்னணிச் சுவரில் பெரிய கண் ஒன்று தெரிந்தால், அந்த அறையில் தப்பான பொருளை அடித்தால் தண்டனை உண்டு என்று பொருள். கண் இல்லாத அறையில் தாராளமாகச் சோதிக்கலாம். அப்புறம், “இதை மறுபடி படிக்காதே” என்று சொல்லும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. மறுபடி படித்தால் ஹார்ட் மோட் தொடங்கிவிடும், திரும்ப அணைக்க முடியாது. ஆர்வக்கோளாறில் படித்துவிடுபவர்கள் குறைவில்லை. சேவ் செய்யும்போது ஒரே இடத்தில் மேலெழுதாமல் இரண்டு மூன்று இடங்களில் மாற்றி மாற்றி வைத்திருந்தால், இந்த மாதிரி விபத்திலிருந்து தப்பலாம்.

உதவி என்ற பெயரில் விடையைச் சொல்வது

சிக்கிக்கொண்டவர் கேட்கும்போது, விடையை அப்படியே கொடுப்பதும் “நீயே கண்டுபிடி” என்று விடுவதும் ஒரே அளவு கெடுதல். படிப்படியாகப் போகலாம். முதலில், இப்போது கையில் இருக்கும் பொருள்களை வைத்து அது முடியுமா முடியாதா என்று மட்டும் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும், ஏனென்றால் பெரும்பாலானோர் இன்னும் திறக்க முடியாத கதவின் முன்னால்தான் நிற்கிறார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்பது. அப்புறம் எந்தக் கல்வெட்டு என்பது. செய்ய வேண்டியதைச் சொல்வது கடைசி.

இதில் மிக மோசமாகக் கெடுக்கப்படும் கேம் ‘கேவ் ஸ்டோரி’. டைசுகே அமாயா தனி ஆளாக ஐந்து வருடம் உழைத்து 2004-இல் இலவசமாக வெளியிட்டது. கடைசி ரகசியப் பகுதிக்குப் போக, நடுவில் ஒருவரோடு பேசாமல் ஒரு பள்ளத்தைத் தாண்டிப் போக வேண்டும். இயல்பான மனிதர் யாரும் அப்படிச் செய்யமாட்டார். (அவர் யார் என்று இங்கேயும் எழுதப்போவதில்லை.) பலர் நல்ல எண்ணத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். விளைவு, கதையின் ஒரு முக்கியத் தருணம் வெறும் செக்லிஸ்ட் ஆகிறது. போதாக்குறைக்கு அந்த ரகசியப் பகுதி மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு கடினம். முதல் முறை சாதாரண முடிவோடு விட்டுவிடட்டும். சொல்ல வேண்டியது வேறு: அடிபட்டால் ஆயுதத்தின் லெவல் இறங்கும், அதனால் வேகமாகச் சுடுவதைவிட அடிபடாமல் நிற்பதுதான் பலம்.

கருவியைக் கவனிக்காமல் கேமைத் திட்டுவது

டிவியில் ஆடுபவர் கேம் மோடை (டிவி செட்டிங்ஸில் தாமதத்தைக் குறைக்கும் வசதி) ஆன் செய்யாவிட்டால், படத்தை மெருகேற்றும் வேலைக்கே 50 முதல் 100 மில்லிசெகண்ட் போகலாம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். அதாவது மூன்று முதல் ஆறு ஃபிரேம் தாமதம். முள் மேல் விழுவதற்கு அது போதும். கன்ட்ரோலரில் அனலாக் ஸ்டிக்கை விட்டு டி-பேடுக்கு (நான்கு திசை பட்டனுக்கு) மாறச் சொல்லுங்கள். ஏணி ஏறும்போது ஸ்டிக் லேசாகச் சாய்ந்தாலே பிடி விட்டுவிடும்.

படம் மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அளவு. 320×240 படத்தை 1080 வரித் திரையில் முழுதாக இழுத்தால் 4.5 மடங்கு ஆகிறது, பிக்சல்கள் சமமாக வராது. 4 மடங்கில் நிறுத்தினால் மேலும் கீழும் 60 வரி கறுப்பாக இருக்கும், படம் கூர்மையாக இருக்கும். இலவச கேவ் ஸ்டோரி நொடிக்கு 50 ஃபிரேமில் ஓடுவதால் 60 ஹெர்ட்ஸ் திரையில் லேசாகத் திக்கும். கம்ப்யூட்டர் பழுது என்று பயப்பட வேண்டாம்.

வரிசையும் நேரமும் சொல்லாமல் விடுவது

இந்த வகைக்கே புதியவருக்கு 1994-இன் ‘சூப்பர் மெட்ராய்ட்’ நல்ல அளவுகோல். மேப் உண்டு, வார்த்தையே இல்லாமல் சின்ன விலங்குகள் சுவரிலிருந்து சுவருக்குத் தாவக் கற்றுக்கொடுக்கும். அதில் தொலைந்துபோவதே பிடித்திருந்தது என்றால் லா-முலானா பக்கம் தள்ளலாம். சண்டைகள் பிடித்திருந்தால் 2015-இல் வந்த ‘என்விரான்மென்டல் ஸ்டேஷன் ஆல்ஃபா’. அதில் முடிவுக்குப் பின்னால் தனியாக ஒரு புதிர் உலகமே ஒளிந்திருக்கிறது, பாஸ்களும் சும்மா விடாது.

நேரக் கணக்கு பெரிய வித்தியாசம். ‘விவிவிவிவிவி’ இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும். லா-முலானாவுக்கு முதல் முறை 40 மணி நேரம் தாண்டுவது சாதாரணம். ஸ்டீமில் பணத்தைத் திரும்பப் பெற 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். லா-முலானாவில் அந்த 2 மணி நேரத்தில் எப்படி ஆட வேண்டும் என்பதே பாதிதான் புரிந்திருக்கும். ஆகவே பிடிக்குமா என்று சந்தேகப்படுபவரை முதலில் இலவச கேவ் ஸ்டோரியில் விட்டுப் பாருங்கள். அல்லது, காசு கொடுக்கும் முன், வழிகாட்டி எதுவும் பார்க்காமல் யாரோ முதல் முறையாக ஆடும் வீடியோவில் நடுவிலிருந்து அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கல்வெட்டைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நிற்கும் அந்த ஆட்டக்காரரைப் பார்த்துக் கைகள் துறுதுறுத்தால் வாங்கலாம், கொட்டாவி வந்தால் வேண்டாம்.