உலையில் போடும் முன் ஒரு பிடி

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஆலயத்துக்குக் கொடுக்கும் தசமபாகம் மாதத்துக்கு ஒருமுறை. இரக்கமோ அன்றாடம் பழக வேண்டியது. அதற்கு, சமைக்கும் அரிசியில் ஒரு பிடியைக் காணிக்கையாக எடுத்து வைக்கும் பிடியரிசியைப் போல எளிய வழி வேறில்லை. தமிழகத்துச் சபைகளில் பாட்டிமார் கைக்கொண்ட வழக்கம் இது. மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இப்படித்தான் அரிசி சேர்த்து ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள்.

அரிசிப் பானைக்கருகே மூடியுள்ள டப்பா ஒன்றை வையுங்கள். சோற்றுக்கு அளந்த அரிசியைக் களைவதற்கு முன், அதிலிருந்தே ஒரு பிடி எடுத்துப் போடுங்கள். மூட்டையிலிருந்து தனியாக எடுக்காதீர்கள். நம் தட்டில் அந்த ஒரு பிடி குறைவதுதான் இந்தக் காணிக்கையின் உயிர். பிள்ளைகளின் கையால் எடுக்கச் சொன்னால் இன்னும் நல்லது. சொல்லிப் புரியாத ஈகை செய்யும்போது புரிந்துவிடும். ஒரு பிடி 50 கிராம் என்றாலும் மாதத்தில் ஒன்றரைக் கிலோ சேரும். வண்டு அண்டாமலிருக்க இரண்டு காய்ந்த மிளகாயைப் போட்டு வையுங்கள்.

மாதக் கடைசியில் ஆலயத்திலோ, தெருவில் தனித்து வாழும் முதியவரிடமோ கொடுங்கள். சேர்த்த அரிசியையே கொடுங்கள், மலிவான அரிசிக்கு மாற்ற வேண்டாம். மத்தேயு 6:3 கேட்பதுபோல் ஓசையில்லாமல் கொடுங்கள். புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம்.