ஃபார்ம்ல வெப் சர்வீஸ் கால் சேர்க்கறது எப்படி? பதில் வராதப்போ என்ன பண்றதுங்கறதும் சேர்த்து

எம்ப்ளாயி ஐடி அடிச்சா பேரும் டிபார்ட்மென்ட்டும் தானா வந்து விழணும், அப்படி ஒரு ஃபார்ம் கேக்கறாங்கன்னு வச்சுக்கோங்க. அந்த விவரத்தை ஃபார்ம் வேற ஒரு சர்வர்கிட்ட கேட்டு வாங்கறதுதான் வெப் சர்வீஸ் கால்.

முதல்ல ஃபார்ம் பக்கமே போகாதீங்க. போஸ்ட்மேன் மாதிரி ஒரு டூல்ல சர்வீஸை கூப்பிட்டுப் பாருங்க, சரியான ஐடிக்கு 200ம் (எல்லாம் சரிங்கற கோட்) ஜேசனும் (பதில் பேர்-மதிப்பு ஜோடியா வர்ற வடிவம்) வருதா, இல்லாத ஐடிக்கு 404 (கேட்டது இல்லைங்கற கோட்) வருதா இல்ல 200 குடுத்துட்டு உள்ள காலியா அனுப்புதான்னு குறிச்சுக்கோங்க (ரெண்டாவது ரகம் நெறைய இருக்கு, எரிச்சல்தான்).

அடுத்து, எப்ப கூப்பிடறது? ஒவ்வொரு எழுத்துக்கும் கூப்பிட்டா அஞ்சு இலக்க ஐடிக்கு அஞ்சு கால் போகும், மூணாவது காலோட பதில் லேட்டா வந்து சரியான பேரை அழிச்சுட்டுப் போயிடலாம். சேஞ்ச் ஈவென்ட்ல (அடிச்சு முடிச்சு கட்டத்தை விட்டு வெளிய வர்றப்போ) ஒரு தடவை கூப்பிட்டா போதும். கூப்பிடறதுக்கு முன்னாடி பழைய பேரை காலி பண்ணிடுங்க. ஐடியை ஸ்ட்ரிங்காவே அனுப்புங்க, 00427ஐ நம்பரா மாத்தினா 427 ஆயிடும், சர்வீஸ் அப்படி ஆளே இல்லைன்னுடும். நான் ஒரு மத்தியானம் பூரா நெட்வொர்க்கை சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வீஸை கூப்பிடற ஃபெட்ச் ஃபங்ஷன்ல எல்லாரும் வழுக்கி விழற எடம் ஒண்ணு இருக்கு. 404, 500 (சர்வர் கோளாறு) வந்தாலும் அது கேட்ச்குள்ள (எரரைப் பிடிக்கற பகுதி) போகாது, கனெக்‌ஷனே அறுந்தா, இல்ல காலை நடுவுல வெட்டினா, இந்த மாதிரி சமயத்துலதான் போகும், அதனால ரெஸ்பான்ஸ்ல ஓகே ட்ரூவான்னு நீங்கதான் பாக்கணும். டைம்அவுட்டும் நீங்களே வைக்கணும், அபார்ட்கன்ட்ரோலர் (காலை நடுவுல நிறுத்தற வசதி) போட்டு 5 செகண்ட்ல வெட்டிவிடுங்க.

வெட்டின பிறகு? பேர் ஃபீல்டை ரீட்ஒன்லியா பூட்டியிருப்பீங்க, அதை திறந்துவிடுங்க, கையால அடிக்கட்டும், "மேனுவல்"னு ஒரு ஹிடன் ஃபீல்டுல (கண்ணுக்குத் தெரியாத கட்டம்) குறிச்சு வச்சா பின்னாடி சரிபார்த்துக்கலாம். சர்வீஸ் படுத்துடுச்சுன்னு ஃபார்மும் சேர்ந்து படுக்கக்கூடாது, என்னைக் கேட்டா முக்கால்வாசி வேலை இங்கதான்.

ஏபிஐ கீயை (சர்வீஸை கூப்பிட குடுக்கற ரகசிய சாவி) ஃபார்ம் ஸ்கிரிப்ட்ல வைக்காதீங்க, பிரவுசர்ல எஃப்12 தட்டினா யாரும் பாத்துடலாம். நடுவுல உங்க சர்வர் கூப்பிடட்டும், கோர்ஸ் எரரும் (வேற சைட்டோட பதிலை பிரவுசர் தடுக்கறது) அதோட தீரும்.

மெயின்டனன்ஸுக்கு யுஆர்எல் ஒரே கான்ஃபிக்ல, பதிலை ஃபீல்டுல நிரப்பறது ஒரே ஃபங்ஷன்ல இருக்கணும். சர்வீஸ்காரங்க அடுத்த வெர்ஷன்ல (வி2) ஜேசன்ல இருக்கற கீ பேரை மாத்தினா எரர் எதுவும் வராது, டிபார்ட்மென்ட் கட்டத்துல "அன்டிஃபைன்டு"ன்னு உக்காந்திருக்கும், அந்த ஃபங்ஷன்லயே அந்தப் பேர்ல கீ இருக்கான்னு பாத்து லாக் எழுதிடுங்க. 401 (அனுமதி இல்லைங்கற கோட்) திடீர்னு வந்தா அனேகமா ஏபிஐ கீ காலாவதி. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரிமைண்டர் போட்டு வைங்க, டீம் மெயிலுக்கே வர்ற மாதிரி, அன்னிக்கு நீங்க லீவுல இருக்கலாம்.