மின்ஸ் பை: புளிப்பை விட்டுவிடாதீர்கள்

மின்ஸ் பை என்பது உலர்பழப் பூரணம் வைத்துச் சுடும் சின்னக் கிறிஸ்துமஸ் பண்டம். இங்கே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இலையுதிர்காலம் தொடங்கியதுமே கடைகளில் மின்ஸ் பை பெட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். வாங்கிக் கடித்தால் முதலில் தெரிவது சர்க்கரை, அப்புறம் தடித்த மாவு, அதற்கப்புறம் மறுபடியும் சர்க்கரை. இதைச் சாப்பிட்டுவிட்டு "எனக்கு மின்ஸ் பை பிடிக்காது" என்று முடிவு கட்டியவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். வீட்டில் செய்ததைத் தின்று பார்க்காமல் அப்படிச் சொல்லாதீர்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது இரண்டே விஷயம்: உள்ளே புளிப்பு இருக்க வேண்டும், வெளியே மாவு மெல்லிசாக இருக்க வேண்டும்.

புளிப்புக்கு பிராம்லி ஆப்பிள். பச்சையாகத் தின்ன முடியாது, பல் கூசும். சமைத்தால் கரைந்து குழைந்துவிடும். நாங்கள் இருக்கும் இதே மாவட்டத்தில், சவுத்வெல் என்ற சிற்றூரில்தான் அது பிறந்தது. 1809-இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி போட்ட விதை. ஆனால் பழத்துக்குக் கிடைத்தது, பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் பிராம்லியின் பெயர். விதை போட்டவள் ஒருத்தி, பெயர் வாங்கியவர் இன்னொருவர்!

முதலில் உள்ளே வைக்கும் மின்ஸ்மீட். நவம்பர் கடைசிக்குள் செய்துவிட்டால் டிசம்பரில் நன்றாக ஊறியிருக்கும். பிராம்லி 250 கிராம், தோல் சீவாமல் பொடியாக நறுக்குங்கள். ரெய்சின், சுல்தானா, கரண்ட்ஸ் என்ற மூன்று வகை உலர்திராட்சையும் 175 கிராம் வீதம். கரண்ட்ஸ் என்பது மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் திராட்சை, கேக் சாமான்களோடு வைத்திருப்பார்கள். பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் 75 கிராம், அடர்பழுப்புச் சர்க்கரை 175, துருவிய சூயட் 125. ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை, இரண்டிலும் மேல்தோலைத் துருவிக்கொண்டு சாற்றையும் பிழிந்துவிடுங்கள். மிக்ஸ்டு ஸ்பைஸ் என்று விற்கும் இனிப்புப் பண்டங்களுக்கான மசாலாத் தூள் இரண்டு டீஸ்பூன். அதற்கு மேல் அரை டீஸ்பூன் சாதிக்காயை நானே உரசிப் போடுவேன். டப்பாத் தூளில் மணம் இருப்பதில்லை.

சூயட் என்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. வேண்டாம் என்பவர்கள் வெஜிடபிள் சூயட் பெட்டியைத் தேடி வாங்குங்கள், தாவரக் கொழுப்பில் செய்தது. கடையில் ஆயத்தமாக விற்கும் மின்ஸ்மீட் பாட்டிலிலும் எந்தச் சூயட் என்று பார்த்தே எடுங்கள். ஒரு காலத்தில் இதற்குள் கறியே இருந்தது. ஆட்டுக்கறி, மாட்டு நாக்கு எல்லாம் போட்டிருக்கிறார்கள். 1861-இல் வந்த பீட்டன் அம்மையாரின் சமையல் நூலில் கறி போட்டதும் உண்டு, போடாததும் உண்டு. அப்புறம் கறி போய்விட்டது, கொழுப்பு மட்டும் தங்கிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கலந்து, கடிகாரம் சுற்றும் திசையில்தான் கிண்ட வேண்டும், எதிர்ப்பக்கம் கிண்டினால் அதிர்ஷ்டம் போய்விடும் என்பார்கள். பாட்டி இதில் கண்டிப்பு, அவர் எதிரே நான் மீறியதில்லை. ஓர் இரவு மூடி வையுங்கள். மறுநாள் அலுமினியத் தாளால் தளர்வாக மூடி, 110 டிகிரி ஓவனில் மூன்று மணி நேரம். சூயட் உருகி எண்ணெயாக மிதக்கும், பயப்பட வேண்டாம். ஆறும்வரை அவ்வப்போது கிளறிக்கொண்டே இருந்தால் அந்தக் கொழுப்பு ஆப்பிள் துண்டுகளின் மேல் படிந்து இறுகும். அதனால்தான் பழச்சாறு கசிந்து நுரைத்துப் புளிக்காது. நன்றாக ஆறியபின் நாலு மேசைக்கரண்டி பிராந்தி ஊற்றி, கொதிநீரில் கழுவி ஓவனில் காயவைத்த பாட்டில்களில் அடைத்துவிடுங்கள். பிராந்தி கூடாது என்றால் ஆரஞ்சுச் சாறு விடலாம். ஆனால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

இனி மாவு. மைதா 225 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, சில்லென்ற வெண்ணெய் 110. விரல்நுனியால் மட்டும் தேய்த்து, புட்டு மாவுப் பதத்துக்கு உதிரியாக்குங்கள். ஒரு முட்டை மஞ்சள் கரு, குளிர்ந்த தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, சேர்த்துத் திரட்டினால் போதும். அழுத்திப் பிசைந்தால் வெந்தபின் ரப்பராகிவிடும், சப்பாத்திக்குப் பழகிய கைக்கு இதுதான் சிரமம். மாவில் சர்க்கரை போடவே மாட்டேன். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேயுங்கள்.

ஆழமில்லாத 12 குழித் தட்டு வேண்டும். மஃபின் தட்டு ஆழம் அதிகம், அதில் செய்தால் மாவும் பூரணமும் கணக்கில்லாமல் போகும். 7.5 சென்டிமீட்டர் வட்டங்களை வெட்டிக் குழிகளில் பதித்து, பூரணத்தை விளிம்புக்குச் சற்றுக் கீழேவரை வையுங்கள். ஆசைப்பட்டு நிறைத்தால் பொங்கி வழிந்து, பாகு கருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். மேலே சின்ன வட்டம் மூடினால் ஆவி போக ஒரு கீறல் போடுங்கள். எனக்கு நட்சத்திர மூடிதான் பிடிக்கும், மாவு குறைவு. பால் தடவி, 200 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு, கத்திமுனையால் நெம்பி எடுங்கள். சூடு தணியாமல் வாயில் போட்டால் நாக்கு வெந்துவிடும், உள்ளே இருப்பது கொதிக்கும் பாகு.

வெதுவெதுப்பாக, மேலே பொடிச் சர்க்கரை தூவிச் சாப்பிடுவார்கள். தேவாலயத்தில் கேரல் பாடி முடிந்ததும் மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினோடு தட்டுத் தட்டாக வரும். கிறிஸ்துமஸ் தொடங்கி 12 நாளும் தினம் ஒன்று தின்றால் வரும் 12 மாதமும் நல்லபடி போகும் என்பது பழைய நம்பிக்கை. குழந்தைகள் இருக்கும் வீட்டில், 24-ஆம் தேதி இரவு கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு மின்ஸ் பையும் ஒரு சிறு கிளாஸ் ஷெர்ரி ஒயினும், அவருடைய கலைமானுக்கு ஒரு கேரட்டும் வைப்பார்கள். விடிவதற்குள் அது எப்படிக் காலியாகிறது என்பது அப்பாக்களுக்குத் தெரியும். நாய் வளர்ப்பவர்கள் மட்டும் தட்டை உயரத்தில் வையுங்கள். உலர்திராட்சை நாய்க்கு விஷம்.

மிஞ்சியதைக் காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாலு நாள் வைக்கலாம். மறுபடி சூடாக்க ஓவன்தான், மைக்ரோவேவில் மாவு சொதசொதத்துவிடும். விருந்தாளிகள் வருவது உறுதியில்லை என்றால், சுடாமல் தட்டோடு உறையவைத்து, பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வாசல் மணி அடித்ததும் மறுபடி தட்டில் அடுக்கி அப்படியே ஓவனில் வைக்கலாம், ஐந்து நிமிடம் கூடுதலாக.