நோ-கேஷ் போட்டும் ஆதார் படம் டிஸ்கில் கிடப்பது ஏன்?

ஆதார் நகல், எக்ஸ்ரே, கையெழுத்து ஸ்கேன் இவற்றைக் காட்டும் தளங்களில் அதிகம் கண்ணில் படும் தவறு, பெயரை நம்பி ‘கேஷ்-கன்ட்ரோல்: நோ-கேஷ்’ என்று ஹெட்டர் (பதிலோடு சர்வர் அனுப்பும் குறிப்பு வரி) அனுப்புவதுதான். கேஷ் என்பது மறுபடி இறக்காமல் காட்டுவதற்காக வைத்துக்கொள்ளும் நகல்களின் கிடங்கு. நோ-கேஷ் என்றால் ‘சேமிக்காதே’ என்று அர்த்தமில்லை. ‘தாராளமாகச் சேமித்துக்கொள், மறுபடி காட்டும் முன் மட்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேள்’ என்று சர்வர் சொல்கிறது, அவ்வளவே. பிரவுசிங் சென்டர் கணினியில் ஒருவர் திறந்து பார்த்த ஆதார் படம், அவர் எழுந்து போன பிறகும் பிரவுசரின் கேஷ் ஃபோல்டரில் கிடக்கும். நகலை எத்தனை வினாடி கேட்காமல் காட்டலாம் என்று சொல்லும் ‘மேக்ஸ்-ஏஜ்’ மதிப்பை 0 என்று போட்டாலும் இதே கதை. ‘பிரைவேட்’ என்பது சர்வருக்கும் பயனருக்கும் நடுவில் நிற்கும் சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்துத் தரும் சேவை), ப்ராக்ஸி (இடைச் சர்வர்) போன்ற பொதுக் கேஷ்களைத்தான் தடுக்கும். பயனரின் பிரவுசர் சேமிப்பதை அது தடுக்காது. சேமிக்கவே கூடாதென்றால் போட வேண்டியது ‘நோ-ஸ்டோர்’. 2022-இல் வந்த, எச்டிடிபி கேஷுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 9111 இதைத் தெளிவாகவே சொல்கிறது.

கேஷ்-கன்ட்ரோல் ஹெட்டரே அனுப்பாமல் விட்டால் இன்னும் மோசம். கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் ‘லாஸ்ட்-மாடிஃபைட்’ மட்டும் போனால், பிரவுசர் தானே ஒரு கணக்குப் போடும்: கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாளோ, பொதுவாக அதில் 10 சதவீதம். 100 நாளுக்கு முன் ஏற்றிய படம் என்றால் சுமார் 10 நாள் சர்வரைக் கேட்காமலே காட்டும். லாக்-அவுட் செய்தபின் படத்தின் யூஆர்எல்லை ஒட்டினாலும் படம் வருகிறதே என்று திகைப்பவர்களுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. கோரிக்கை சர்வருக்குப் போகவே இல்லை. பிறகு லாகின் சோதனை எங்கே நடக்கும்?

எச்டிஎம்எல் பக்கத்தின் தலைப்பகுதியில் ‘கேஷ் செய்யாதே’ என்று மெட்டா டேக் (பக்கத்தைப் பற்றிய குறிப்பு) போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு படமும் தனிக் கோரிக்கை, தனிப் பதில். பக்கத்தின் மெட்டா டேக் படத்தைத் தொடாது.

ஹெட்டரைச் சரியாக எழுதியும் வழியில் தொலைந்துபோவது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரில் அடிக்கடி நடக்கும். அடையாள ஆவணங்கள் இருக்கும் ‘/கேஒய்சி/’ பாதைக்கான லொகேஷன் பிளாக்கில் (ஒரு பாதைக்கான அமைப்புப் பகுதி) நோ-ஸ்டோர் இருக்கும். கீழே, வேகத்துக்காக யாரோ ஒருவர் ஜேபிஜி, பிஎன்ஜி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும் விதி) லொகேஷன் எழுதி ‘எக்ஸ்பயர்ஸ் 30டி’, அதாவது 30 நாள் வைத்துக்கொள் என்று வைத்திருப்பார். பாதையின் தொடக்கத்தை மட்டும் பார்க்கும் சாதாரண முன்னொட்டு லொகேஷனும் ரெஜெக்ஸும் இரண்டும் பொருந்தினால் ரெஜெக்ஸ்தான் ஜெயிக்கும். ஆதார் படம் 30 நாள் தங்கிவிடும். முன்னொட்டுக்கு முன்னால் ‘^~’ சேர்த்தால் ரெஜெக்ஸ் பக்கமே போகாது. இன்னொரு பொறி: சர்வர் மட்டத்தில், ஹெட்டர் சேர்க்கும் கட்டளையான ‘ஆட்_ஹெட்டர்’ கொண்டு நோ-ஸ்டோர் வைத்திருந்தாலும், லொகேஷனுக்குள் வேறு எதற்காகவாவது ஒரே ஒரு ‘ஆட்_ஹெட்டர்’ எழுதினால், மேலே இருந்தவை எதுவும் இயல்பாக உள்ளே இறங்காது. அங்கேயும் திரும்ப எழுத வேண்டும்.

படங்களைச் சேமிக்கும் சர்வீஸ் வொர்க்கர் (பிரவுசரில் பின்னணியில் ஓடும் தளத்தின் ஸ்கிரிப்ட்) வைத்திருந்தால் இத்தனையும் வீண். அதன் கேஷ் ஸ்டோரேஜ், நோ-ஸ்டோரைப் பார்ப்பதே இல்லை. ஸ்கிரிப்ட் ‘புட்’ (வை) என்றால் வைத்துக்கொள்ளும். ரகசியப் படங்களின் பாதையை அந்த ஸ்கிரிப்டிலேயே விலக்குங்கள்.

யூஆர்எல் வாலில் நேரத்தையோ ரேண்டம் எண்ணையோ ஒட்டுவது பழைய படம் வராமல் தடுக்கும் உத்தி. ரகசியத்துக்கு அது நேரெதிர்: ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் டிஸ்கில் புதிதாக ஒரு நகல் சேரும். 5 நிமிடத்தில் காலாவதியாகும் கையொப்ப யூஆர்எல்லும் (சர்வரின் கையொப்பம் சேர்ந்த தற்காலிக இணைப்பு) சர்வர் வாசலைத்தான் பூட்டுகிறது, ஏற்கெனவே இறங்கிய நகலை அல்ல. படங்கள் அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் இருந்தால் அந்த யூஆர்எல்லை உருவாக்கும்போதே ‘ரெஸ்பான்ஸ்-கேஷ்-கன்ட்ரோல்’ மதிப்பாக நோ-ஸ்டோரைச் சேர்த்துவிடலாம். நேற்றுவரை ஓராண்டு மேக்ஸ்-ஏஜுடன் போன படங்களுக்கு இன்று ஹெட்டரை மாற்றிப் பயனில்லை, பிரவுசர் வந்து கேட்டால்தானே தெரியும்! பாதையை மாற்றி, பழைய பாதையை மூடுங்கள். பயனரிடம் ஏற்கெனவே தங்கிய நகல் அப்போதும் அங்கேயே இருக்கும்.

சோதிக்கும்போது டெவ்டூல்ஸில் (பிரவுசரின் டெவலப்பர் கருவிகள்) ‘டிசேபிள் கேஷ்’ டிக் இருந்தால் எல்லாம் சர்வரிலிருந்தே வருவதுபோல் தெரியும். டிக்கை எடுத்துவிட்டு, டேபை மூடி, புதிய டேபில் திறந்து நெட்வொர்க் பட்டியலின் ‘சைஸ்’ பத்தியைப் பாருங்கள். ‘டிஸ்க் கேஷ்’ என்று வந்தால் கசிவு. ஒரே பக்கத்தில் அதே படம் இரண்டாவது இடத்தில் ‘மெமரி கேஷ்’ என்று வருவது இயல்பு. பெரிய படத்தோடு தம்ப்நெயிலையும் (அதன் சிறு வடிவம்) இதே மாதிரி பாருங்கள். அது வேறு பாதையிலிருந்து, பெரும்பாலும் வேறு ஹெட்டரோடு வரும்.