உப்புக்காற்று ஊரில் பழைய அம்பாசடரை விற்பது எப்படி?

மண்டபம், பாம்பன் மாதிரிக் கடலோர ஊர் வண்டி என்றாலே, வாங்க வருகிறவர் முதலில் குனிந்து தேடுவது துருவைத்தான். அதனால் விற்பதற்கு முன் அடிப்பாகத்தில் புதுக் கறுப்புப் பெயின்ட் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறோம் என்றே நினைப்பார். நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, மிதியடியைத் தூக்கித் தரைத்தகடு, டிக்கி, கதவின் கீழ்விளிம்பு எல்லாவற்றையும் நீங்களே காட்டுங்கள். என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன்; பாதிப் பேரம் அங்கேயே முடிந்தது.

எஞ்சினை முன்கூட்டியே சூடாக்க வேண்டாம். குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது, மாற்றாத பழைய உதிரிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. சீட்டுக்குப் பளபள உறை போடுவதெல்லாம் வீண் செலவு (என் மச்சான் கேட்கவில்லை).

அப்புறம் காகிதம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பித்திருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கைமாறிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டால், அவர் எங்கே இடித்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.